ஒரே குழம்பு, இரண்டு இடுப்பு: எடை என்பது பரம்பரையா, பழக்கமா?

கேள்வி, 3 மார்ச் 2024, மாலை 6.15

வயது 34, கணினி முன்னால் உட்கார்ந்து பார்க்கும் வேலை. நானும் தம்பியும் ஒரே சமையலைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவன் நான்கு பரோட்டாவை உள்ளே தள்ளினாலும் வயிறு ஒட்டியே இருக்கிறது. நான் ஆறு மாதம் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கட்டி இரண்டு கிலோ குறைந்தேன், பிறகு மூன்று கிலோ ஏறினேன். ஆகவே என் முடிவு இதுதான்: எடை முழுக்கப் பரம்பரை. உணவுக் கட்டுப்பாடு, நடை எல்லாம் மனத்தைத் தேற்றிக்கொள்ளும் வேலை. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பதில், 3 மார்ச் 2024, இரவு 9.50

மறுக்கிறேன். ஆதாரம் என் வீட்டிலேயே இருக்கிறது. மதுரையில் டவுன் பஸ்ஸில் 22 வருடம் கண்டக்டராக இருந்தேன். அண்ணன் டிரைவர், இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அம்மா வைத்த ஒரே குழம்பில்தான் இருவரும் வளர்ந்தோம். அண்ணன் 88 கிலோ, நான் 66. அவர் உட்கார்ந்தே சம்பாதித்தார். நான் தோல்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு நெரிசலில் முன்னும் பின்னும் நெளிந்து சம்பாதித்தேன். வேறென்ன காரணம் வேண்டும்?

இதை லண்டனில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1953இல் வெளிவந்த ஆய்வு. அங்கே மாடி பஸ், கண்டக்டர் நாள் முழுக்க ஏறி இறங்க வேண்டும், ஏறக்குறைய 600 படி. டிரைவர் இருக்கையை விட்டு எழுவதே இல்லை. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது, வந்தாலும் பிந்தி வந்தது, உயிரைப் பறித்ததும் குறைவு. ஒரே நிறுவனம், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே சம்பளம். பரம்பரை என்ன செய்யும்?

4 மார்ச் 2024, காலை 7.20

யார் செய்த ஆய்வு என்று கேட்டிருந்தீர்கள். ஜெர்ரி மாரிஸ். ஏறக்குறைய 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களை எடுத்துக்கொண்டார். அதே ஆய்வில் நடந்து கடிதம் கொடுக்கும் தபால்காரர்களையும் நாற்காலியில் உட்கார்ந்த எழுத்தர்களையும் வைத்துப் பார்த்தபோதும் விடை அதே பக்கம்தான் சாய்ந்தது. மனிதர் 2009இல் இறந்தார், வயது 99. பிறருக்குச் சொன்னதைத் தானும் கேட்டிருக்கிறார் போலிருக்கிறது.

9 மார்ச் 2024, இரவு 11.05

முதல் குறிப்பில் அவசரப்பட்டுவிட்டேன். திருத்துகிறேன்.

அதே மாரிஸ் 1956இல் இன்னொரு கட்டுரை எழுதியிருக்கிறார். லண்டன் பஸ் தொழிலாளர்களுக்கு நிறுவனமே சீருடை தைத்துக் கொடுத்தது. அந்தச் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். இளம் வயதிலேயே டிரைவர்களின் கால்சட்டை இடுப்பு கண்டக்டர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. படி ஏறாததால் டிரைவர் பருத்தாரா, பருத்தவர்தான் ஸ்டீயரிங் பக்கம் போனாரா என்ற கேள்வியைத் தன் ஆய்வுக்குத் தானே போட்டுக்கொண்டார் மனிதர். இந்த நேர்மை எனக்கு மூன்றாம் தேதி இரவு இல்லை.

ஆனால் ஒன்று. பிறகு ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று பிரித்துப் பார்த்தபோதும், ஒவ்வொரு வகையிலும் கண்டக்டருக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. பருமனான கண்டக்டர் பருமனான டிரைவரைவிடத் தப்பித்தார். அதாவது படி ஏறியதன் பலன் இதயத்துக்குப் போயிருக்கிறது, இடுப்புக்குப் போனதாக நிரூபணம் இல்லை. நான் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கிவிட்டேன்.

17 மார்ச் 2024, பிற்பகல் 2.30

சீருடை விஷயம் தூங்கவிடவில்லை. எங்கள் தெருத் தையல்காரர் கடையை இப்போது அவர் மகன் நடத்துகிறார். எங்கள் காக்கி எல்லாம் அங்கே தைத்ததுதான். பழைய அளவு நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார். வெளிறிய நீல அட்டை, கரையான் அரித்த ஓரம், பக்கத்துக்கு இரண்டு மூன்று துணுக்குத் துணியைக் குண்டூசியால் குத்தி வைத்திருக்கிறார் பெரியவர். ஒரு மணி நேரம் புரட்டினோம்.

1991, அண்ணன் பெயர், காக்கி 2, இடுப்பு 34. 1992, என் பெயர், காக்கி 2, இடுப்பு 28. என் பெயருக்குக் கீழே பென்சிலில் "பிடித்துத் தைக்க வேண்டாம், வளரும் பையன்" என்று இருந்தது. அப்போது எனக்கு 22 வயது.

ஆக, பஸ்ஸில் கால் வைப்பதற்கு முன்பே ஆறு அங்குல வித்தியாசம். 22 வருடமாக அண்ணனை "உட்கார்ந்தே பெருத்தவர்" என்று கிண்டல் செய்தேனே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

17 மார்ச் 2024, மாலை 5.10

மேலே எழுதியதற்கு ஒரு ஒட்டு. அண்ணன் டிரைவராகச் சேரும் முன்பே மூன்று வருடம் லாரியில் இருந்தார். வடநாடு வரை ஓட்டம், தாபாவில் ராத்திரிச் சாப்பாடு. 34 அங்குலத்தில் லாரிக்கு எவ்வளவு, அம்மாவுக்கு எவ்வளவு என்று தையல்காரர் எழுதி வைக்கவில்லை.

18 மார்ச் 2024

அண்ணனிடம் நோட்டைக் காட்டினேன். "அந்த 28 இப்போது எங்கே?" என்றார். பதில் இல்லை.

2 ஏப்ரல் 2024, இரவு 10.15

கேள்வி கேட்டவர் "அப்படியானால் நான் சொன்னதுதானே" என்று கொண்டாடுகிறார். பொறுங்கள். உங்கள் பக்கத்துக்கு என்னைவிட நல்ல சாட்சி இருக்கிறது, நானே தருகிறேன்.

கனடாவின் கியூபெக்கில் கிளாட் புஷார் என்பவர் ஒரே அச்சில் பிறந்த இரட்டையர் 12 ஜோடியைக் கண்காணிப்பில் தங்க வைத்து, தேவைக்கு மேல் தினமும் 1000 கலோரி ஊட்டினார். மொத்தம் 84 நாள். எல்லோரும் இளைஞர்கள். ஆய்வு 1990இல் வெளிவந்தது. எல்லோருக்கும் ஒரே அளவு உபரிதான். ஏறிய எடை சராசரி 8.1 கிலோ. ஆனால் ஒருவருக்கு 4.3 கிலோ, இன்னொருவருக்கு 13.3. மூன்று மடங்கு வித்தியாசம்! அதைவிட விசேஷம், இரட்டையரில் ஒருவர் அதிகம் ஏறினால் மற்றவரும் அதிகம் ஏறினார். கொழுப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதிலும் ஜோடிக்குள் ஒற்றுமை. உங்கள் தம்பியின் நான்கு பரோட்டாவுக்கு இதுதான் விளக்கமாக இருக்கலாம்.

ஆனால் அதே ஆய்வை இன்னொரு முறை படியுங்கள். உபரியாக ஊட்டியபோது எடை ஏறாதவர் ஒருவரும் இல்லை. எவ்வளவு ஏறும் என்பதில் பரம்பரை பேசியது. ஏற்றியது சாப்பாடு.

"எடையில் 70 சதவீதம் பரம்பரை" என்று எங்கோ படித்ததை எழுதியிருந்தீர்கள். அதற்கு உங்கள் 90 கிலோவில் 63 கிலோ அப்பா அம்மா கொடுத்தது என்று பொருள் இல்லை. மேலூர்ப் பக்கம் என் மாமனாருக்குக் கொஞ்சம் வயல். பெரியாற்றுத் தண்ணீர் ஒழுங்காக எல்லோருக்கும் வரும் வருடத்தில் ஒருவர் விளைச்சலுக்கும் இன்னொருவர் விளைச்சலுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் விதையால் வருவது. தண்ணீர் தலைமடையோடு நின்றுபோகும் வருடத்தில் ஒரே விதை போட்ட இருவரில் ஒருவர் அறுக்கிறார், கடைமடைக்காரர் மாட்டை அவிழ்த்துவிடுகிறார். விதை மாறவில்லை, சதவீதம் மாறிவிட்டது. 70 என்பது வயல்களுக்கு இடையேயான வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு. உங்கள் ஒரு வயலைப் பற்றியது அல்ல.

21 ஏப்ரல் 2024, காலை 11.40

"ஒரே குழம்பு" என்று தலைப்பிலேயே வந்துவிட்டது. அதையும் திருத்த வேண்டியிருக்கிறது. காரணம் என் மனைவி. இந்த இழையைப் படித்துவிட்டு, "வீட்டுக் குழம்பு ஒன்றுதான், வெளியில் குடித்த டீ?" என்று கேட்டாள். ஒரு வாரம் சட்டைப்பையில் சீட்டு வைத்துக் குறித்தேன். முதல் நாளிலேயே ஏழு டீ. கடை டீயில் சாதாரணமாக இரண்டு கரண்டிச் சர்க்கரை, பத்து கிராம் என்று வைத்தால் 40 கலோரி. ஏழுக்கு 280. பால் தனி. டீயோடு போகும் உளுந்த வடையைக் குறிக்க முதல் இரண்டு நாள் கை வரவில்லை. அப்புறம் குறித்தேன். வாரத்தில் பதினொன்று.

அண்ணனிடமும் சீட்டு கொடுத்தேன். அவருக்கு நாளைக்கு இரண்டு டீ. ஆனால் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் பசி எடுக்கும், அப்போது தட்டு நிறைய. "பசி எடுத்தால் என்ன செய்வது?" என்கிறார். எனக்கு அந்த நேரத்தில் அந்தப் பசியே வராது. இதை மன உறுதி என்று நான் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். பரம்பரையின் கை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறதாம், பசியிலும் போதும் என்ற உணர்விலும். 2007இல் எஃப்டிஓ என்ற மரபணுவுக்கும் எடைக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதில் எடை கூட்டும் வகையை இரு பெற்றோரிடமிருந்தும் வாங்கியவர்கள் சராசரியாக மூன்று கிலோ அதிகம். அவ்வளவு ஆரவாரத்தோடு வந்த மரபணுவுக்கு மூன்று கிலோதான்! இதுபோல நூற்றுக்கணக்கில் சிறுசிறு மரபணுக்கள் சேர்ந்துதான் அண்ணனின் ஒன்பதரை மணிப் பசி.

அவரை இனிமேல் கிண்டல் செய்வதில்லை என்று முடிவெடுத்தேன். இரண்டு நாள் கடைப்பிடித்தேன்.

11 ஜூன் 2024, இரவு 8.45

இரண்டு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. காரணம் இருக்கிறது.

டிப்போவில் மருத்துவ முகாம் போட்டார்கள். நான் 2014இல் முழங்கால் தகராறு காரணமாக பஸ்ஸை விட்டு நேரக் காப்பாளர் நாற்காலிக்கு வந்தவன். ஒல்லிக்காரன் என்ற திமிரில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.4. ஆறரையைத் தொட்டாலே சர்க்கரை நோய். 88 கிலோ அண்ணனுக்கு 5.9.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெயர் மாறியிருக்குமோ என்று வேறு இடத்திலும் கொடுத்தேன். 7.3.

முகாமில் இருந்த மருத்துவர் சின்னப் பெண், என் மகள் வயது. எடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாடாவை எடுத்து வயிற்றைச் சுற்றினார். 36 அங்குலம், 91 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு 90தான் எல்லையாம், பெண்களுக்கு 80. என் உயரம் 163. பஸ்ஸில் இருந்தபோது 61 கிலோ, இப்போது 66. பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 23ஐ ஒட்டி இருந்தது 24.8க்குப் போய்விட்டது. மேல்நாட்டுக் கணக்கில் 25 வரை சரி, நமக்கு 23க்கு மேலேயே அதிக எடை. பத்து வருடத்தில் ஐந்து கிலோதானே என்று நினைத்தேன். "கை கால் சதை கரைந்து வயிற்றில் கொழுப்பு சேர்ந்திருக்கும் சார், தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்" என்றார். கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். டிக்கெட் கட்டையும் கம்பியையும் பிடித்திருந்த கை, இப்போது குச்சி.

அப்பாவும் ஒல்லி. கடைசிப் பத்து வருடம் சர்க்கரையோடு கிடந்தார், கால் விரல் இரண்டு போயிற்று. அம்மா பருமன், 81 வயது வரை மாவாட்டினார். அண்ணன் அம்மாவின் உடம்பை வாங்கினார், நான் அப்பாவினுடையதை. நல்ல பங்கு எனக்குத்தான் வந்தது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

12 ஜூன் 2024, காலை 6.30

இதைப் பற்றித் தேடியபோது ஒரு புகைப்படம் கிடைத்தது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் புனேவின் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனின் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. அச்சாக 22.3. உடலில் கொழுப்பு? யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் ஊரில் குழந்தைகள் பிறக்கும்போதே எடை குறைவாகவும் கொழுப்பு ஒப்பீட்டளவில் கூடுதலாகவும் பிறப்பதை யாஜ்னிக் புனே கிராமங்களில் காட்டியிருக்கிறார். "ஒல்லிக் குண்டர்" என்று மனைவியிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்தப் பெயர் இப்போது வீட்டில் நிலைத்துவிட்டது.

சர்க்கரை தின்பது கெடுதல் என்று எழுதிய யுட்கினா என்று ஒருவர் கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தவறு. அந்த ஜான் யுட்கின் 1995இலேயே இறந்துவிட்டார். இவர் வேறு.

13 ஜூன் 2024

"அப்படியானால் பருமனாக இருப்பது நல்லதா?" என்று கேட்டவருக்கு: இல்லை. 5.9 என்பதே சர்க்கரை நோய்க்கு முந்தைய எல்லையில் நிற்பது. அண்ணனுக்கு ரத்த அழுத்த மாத்திரை நான்கு வருடமாக ஓடுகிறது, படுத்தால் குறட்டையில் ஜன்னல் அதிர்கிறது. அவர் தப்பித்துவிட்டார் என்ற தொனியில் எழுதியிருந்தால் அது என் பொறாமை.

25 ஆகஸ்ட் 2024, காலை 8.10

பஸ்காரர்களுக்கு நடை என்றால் வண்டி போய்த் திரும்புவது. இன்று எத்தனை நடை என்றுதான் கேட்போம். இப்போது காலை ஐந்தரைக்கு வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நான்கு நடை, என் சொந்தக் காலில். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல். பத்து வாரம் ஆகிறது. எடை 65.2. பத்து வாரத்துக்கு 800 கிராம்! தெப்பக்குளத்துக் கரைச் சுவரில் உட்கார்ந்து கோபப்பட்டேன்.

கேள்வி கேட்டவரின் உடற்பயிற்சிக் கூடத்து எரிச்சல் இப்போது புரிகிறது. ஒரு மணி நேரம் நடந்தால் செலவாவது ஏறக்குறைய 250 கலோரி. இரண்டு உளுந்த வடையில் கணக்கு தீர்ந்துவிடும். டான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களை 2012இல் அளந்து பார்த்திருக்கிறார்கள். நாளெல்லாம் நடக்கிறார்கள். ஆனால் உடல் அளவைக் கணக்கில் கொண்டால் அவர்கள் ஒரு நாளில் செலவிடும் மொத்தக் கலோரி அமெரிக்க நகரவாசிகளுடையதைவிட அதிகம் இல்லை. உடம்பு ஒரு பக்கம் செலவானால் மறு பக்கம் பிடித்துக்கொள்கிறது போலும், எங்கள் டிப்போ கணக்கர் மாதிரி.

புஷாரும் விடவில்லை. ஏழு ஜோடி இரட்டையருக்குச் சாப்பாட்டைக் கூட்டாமல் குறைக்காமல் வைத்து, 93 நாள் சைக்கிள் மிதிக்க வைத்தார். சராசரி ஐந்து கிலோ குறைந்தது, அதிலும் ஆளுக்கு ஆள் ஏகப்பட்ட வித்தியாசம், அதிலும் ஜோடிக்குள் ஒற்றுமை. மூச்சு வலிமையும் அப்படித்தான். ஒரே 20 வாரப் பயிற்சியை நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கொடுத்தபோது சிலருக்கு நுரையீரலும் இதயமும் பறந்தன, சிலருக்கு அசையவே இல்லை. குடும்பம் குடும்பமாக அசைந்தன. ஆக, உழைப்புக்குக் கிடைக்கும் கூலியிலும் பரம்பரைக்குப் பங்கு உண்டு. இது அநியாயம் என்று எனக்கும் தெரியும்.

25 ஆகஸ்ட் 2024, இரவு 9.00

காலையில் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. எடைதான் 800 கிராம். பெல்ட் ஒரு துளை உள்ளே போயிருக்கிறது. மொட்டை மாடிக்கு 19 படி, தண்ணீர்க் கேனோடு ஏறினால் முன்பு நடுவில் நிற்பேன், இப்போது நிற்பதில்லை. தராசை மட்டும் பார்த்ததால் கோபம் வந்தது.

6 அக்டோபர் 2024

எச்சிலை அனுப்பி மரபணுச் சோதனை செய்துகொள்ளலாமா என்று கேட்டவருக்கு: உங்கள் பணம், உங்கள் எச்சில். நான் கூடத்தில் மாட்டியிருக்கும் அப்பா படத்தைப் பார்த்துக்கொள்கிறேன், செலவில்லை.

15 டிசம்பர் 2024, மாலை 4.20

நேற்று தாள் வந்தது. மூன்று மாதச் சராசரி 6.5. எடை 64.5. இடுப்பு 34, அதாவது 86 சென்டிமீட்டர். 1991இல் அண்ணன் இருந்த இடத்தில் இப்போது நான் இருக்கிறேன்.

நடையால் என்று எழுதத்தான் கை துடிக்கிறது. ஆனால் மார்ச் மாதம் பட்ட அவமானம் போதும். இந்த ஆறு மாதத்தில் தெப்பக்குளம் ஒன்று. டீயை இரண்டாகக் குறைத்தது ஒன்று, அதுவும் சர்க்கரை இல்லாமல். சோற்றைக் குறைத்துச் சுண்டல் சேர்த்தது ஒன்று. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, காலையில் பதினைந்து, மாலையில் பதினைந்து, அந்தச் சின்ன மருத்துவர் சொன்னது. சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதானாம், தொடைச் சதையை வளர்க்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேல் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை. எது எவ்வளவு இறக்கியது என்று பிரிக்க என்னிடம் ஒரே அச்சில் பிறந்த இரட்டையர் இல்லை.

கேள்வி கேட்டவர் போன வாரம் தனிச்செய்தியில் எழுதியிருந்தார். தம்பிக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தாராம். முடிவை இங்கே எழுதச் சம்மதம் இல்லை என்கிறார், ஆகவே எழுதவில்லை. ஆனால் அந்த நான்கு பரோட்டா இப்போது இரண்டாகியிருக்கிறது.

அண்ணன் நாளைக் காலை தெப்பக்குளத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஐந்தரைக்கு எழ முடியாது, ஆறேகால் என்று பேரம் பேசி முடித்தாயிற்று. திரும்பும்போது டீக்கடையில் தனக்கும் சர்க்கரை இல்லாத டீதான் என்று அவராகவே சொன்னார். வடையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.